குறுக்கு வலிக்குப் போன பிசியோதெரபி, பென்னாகரம் ரோடு, தருமபுரி

ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நாள் முழுக்க நிற்கிற வேலை எனக்கு. இரண்டாவது பிரசவம் முடிந்து ஒன்றரை வருஷமாகியும் குறுக்கு வலி விடவில்லை. நின்றால் வலிக்கும், குனிந்து சேலை மடித்தால் தேவலாம் போலிருக்கும், வீட்டில் எல்லாரும் வாயுப்பிடிப்பு என்றார்கள். வேறொரு இடத்தில் பத்து நாள் கரண்ட் வைத்து ஒரு பெல்ட்டும் விற்றார்கள்; கழற்றியதும் வலி பழையபடி.

அப்புறம்தான் மாடியில் இருக்கிற இந்தக் கிளினிக். மேடம் எடுத்ததுமே, கால் மரத்துப்போகிறதா, சிறுநீர் அடக்க முடிகிறதா என்று கேட்டார், அப்படி ஏதாவது இருந்தால் பயிற்சி கிடையாது, உடனே டாக்டரிடம் போக வேண்டுமாம். பிறகு குதிகாலைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்துச் சாய்ந்து நிற்கச் சொல்லி இடுப்புக்குப் பின்னால் கையை விட்டார். விரித்த கை நுழைகிற இடைவெளி எல்லாருக்கும் இருக்கும்; எனக்கு மூடிய முஷ்டியே போய் வந்தது. கட்டில் ஓரத்தில் மல்லாந்து ஒரு முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டேன், தொங்க வேண்டிய மற்றத் தொடை அந்தரத்தில் தூக்கிக்கொண்டு நின்றது. பயந்துவிட்டேன்.

சீட்டில் லார்டோசிஸ் என்று எழுதிவிட்டுப் பொறுமையாக விளக்கினார். இடுப்பின் முன்பக்கத் தசை இறுகி இடுப்பெலும்பை முன்னால் சாய்க்கிறது, பிரசவத்தில் தளர்ந்த வயிற்றால் அதைப் பிடித்து நிறுத்த முடியவில்லை, அதனால் கீழ்முதுகின் ஐந்து எலும்புகளும் அளவுக்கு மேல் உள்ளே வளைந்து பின்னாலிருக்கிற சின்ன மூட்டுகளில் பாரம் ஏறுகிறது. நிற்க நிற்க வலி கூடுவதும் குனிந்தால் விடுவதும் அதனால்தான். இவ்வளவு நாளில் இதை யாரும் சொன்னதில்லை எனக்கு!

முதல் பயிற்சியே படுத்து முழங்காலை மடக்கி, மூச்சை விட்டபடி தொப்புளை உள்ளே இழுத்துக் குறுக்கைத் தரையில் அழுத்துவது. என் முதுகுக்கடியில் கையை வைத்துக்கொண்டு "என் கையை நசுக்குங்க பார்க்கலாம்" என்பார். நாலு நாள் அந்தக் கையைத் தொடக்கூட முடியவில்லை. ஐந்தாம் நாள் "ஆ, நசுங்குது" என்று அவர் சிரித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இடுப்பைத் தூக்கிப் பிடிப்பது, ஒரு முழங்காலை ஊன்றி முன்தொடையை நீட்டுவது எல்லாம் பிறகு வந்தன. பெல்ட்டை மெல்ல விடச் சொல்லிவிட்டார்.

ஒரு தடவைக்கு 300 ரூபாய், ஆறு தடவையோடு போதும், வீட்டில் செய்யுங்கள் என்றார். இன்னும் வாருங்கள் என்று இழுக்காதது பெரிய விஷயம். மூன்று மாதமாகிறது, மதியம் வரை வலியில்லாமல் நிற்கிறேன், சாயங்காலம் கொஞ்சம் இருக்கிறது.

குறை என்றால் லிஃப்ட் இல்லை, படி செங்குத்து, இடுப்பு வலியோடு ஏறுகிறவர்களுக்குக் கொடுமை. மறைப்புத் திரையும் ஒன்றுதான்.

கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள், கேளுங்கள் என்று சொன்னதும் அவர்தான். கேட்டேன். எங்கள் பிரிவுக்கு ஒரு ஸ்டூல் வந்திருக்கிறது, நாலு பேர் மாறி மாறி உட்காருகிறோம்.

போகிறவர்கள் சேலை வேண்டாம், சுடிதாரில் போங்கள். ஆறு மணிக்கு மேல் கூட்டம்.