குரங்கின் ரத்தத்தில் எந்த மலேரியா? நுண்ணோக்கியா, பிசிஆரா?

போர்னியோ தீவில், மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் கபிட் என்ற ஊர். அங்கே மலேரியா நோயாளிகளின் ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் 'மலேரியே' என்ற ஒட்டுண்ணி இனம் என்று எழுதி வந்தார்கள். பிசிஆர் (ஒட்டுண்ணியின் டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனை) செய்தால் அந்த இனம் அகப்படவில்லை. மரபணு வரிசையைப் படித்த பிறகுதான் அது நோலெசி, குரங்குகளிடம் வாழும் இனம், என்று தெரிந்தது. 2004-ல் வெளியான அந்த ஆய்வில் 208 நோயாளிகளில் 120 பேருக்கு நோலெசி! மலேரியே 72 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பெருகும். நோலெசிக்கு 24 மணி நேரமே போதும். பெயர் மாறினால் உயிர் போகலாம்.

குரங்குகளிடம் சிக்கல் இன்னும் கூடுதல். அப்பகுதியின் நீள்வால் குரங்குகளிலும் பன்றிவால் குரங்குகளிலும் நோலெசி, இனுயி, சைனோமோல்கி, கோட்னியி, ஃபீல்டி என ஐந்து இனங்கள் உண்டு. ஒரே குரங்கில் இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும்.

நுண்ணோக்கிக்கு ஜிம்சா சாயமும் பழகிய கண்ணும் போதும். ஒட்டுண்ணி எத்தனை, எந்தப் பருவத்தில் இருக்கிறது என்பதை நேரே காட்டும். ஆனால் காட்டுக் குரங்கின் ரத்தத்தில் ஒட்டுண்ணி பெரும்பாலும் சொற்பம். இளம் வளையப் பருவத்தில் இனங்கள் ஒன்றுபோலவே தெரியும். ரத்தம் குழாயில் நேரம் கடந்து கிடந்தால் உருவமும் சிதைந்துவிடும். கலப்புத் தொற்றில் இதை மட்டும் நம்பி இனப்பெயர் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன்.

பிசிஆருக்கு வடிதாளில் உலர்ந்த ஒரு சொட்டு ரத்தமே போதும். காட்டிலிருந்து ஐஸ்பெட்டி இல்லாமல் கொண்டுவரலாம். கலப்பையும் பிரித்துச் சொல்லும். ஆனால் எந்த இனத்துக்கு பிரைமர் (அந்த இனத்தின் டிஎன்ஏவில் ஒட்டும் சிறு துண்டு) போட்டோமோ அதைத்தான் தேடும். நோலெசிக்கென முதலில் வந்த பிரைமர் வைவாக்ஸ் என்ற வேறொரு மலேரியா இனத்தின் மாதிரியிலும் சில சமயம் ஒட்டிக்கொண்டது பிறகே தெரியவந்தது. அதனால் ஐயம் வந்தால் மரபணு வரிசையைப் படித்துவிட வேண்டும்.

குரங்கின் மலத்தில் ஒட்டுண்ணியின் டிஎன்ஏ தேடும் வழியும் உண்டு. குரங்கைப் பிடிக்கவோ மயக்கவோ வேண்டாம் என்பதால் எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். ரத்தத்தில் ஒட்டுண்ணி குறைவாக இருந்தால் தவறவிடும் என்பதால், 'தொற்று இல்லை' என்று சொல்ல மட்டும் இதை நம்பக்கூடாது.

இனப்பெயருக்கு என் தேர்வு பிசிஆர். ஆனாலும் நுண்ணோக்கியில் பார்க்கச் சாயமிட்ட ரத்தத் தகடு ஒன்றை எடுத்து வையுங்கள். கபிட்டில் தகடு சொன்னதும் பிசிஆர் சொன்னதும் முரண்பட்டதால்தானே நோலெசி வெளியே வந்தது.