கோயில் வீதியா, மண்டபமா?

யாழ்ப்பாணத்தில் சிறிய இசைக்குழுவுக்கு லேசான மேடை கோயில் வீதிதான் என்பார்கள். சனம் தானாக வரும், உண்மை. ஆனால் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மைக்குக்குப் பஞ்சுறை போடாவிட்டால் பாட்டைவிடக் காற்றுத்தான் கூடக் கேட்கும். ஜெனரேட்டரில் அலங்கார விளக்கும் கீபோர்ட்டும் ஒரே லைனில் தொங்கினால் இரைச்சல் ஏறும், வோல்ற்றேஜ் இறங்கும். ஒலிக்குத் தனி லைன் கேளுங்கள். 34 மீற்றர் பின்னால் இன்னொரு ஸ்பீக்கர் வைத்தால் அதற்கு ஏறக்குறைய 100 மில்லிசெக்கன் டிலே, அதாவது ஒலித் தாமதம், கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் பின்வரிசைக்கு ஒவ்வொரு சொல்லும் இரண்டுதரம் விழும்.

வீரசிங்கம் மண்டபம் போன்ற அரங்கில் காற்றுத் தொல்லை இல்லை, சுவர்தான் தொல்லை: றம்ஸ் திரும்பி வந்து வரிகளை விழுங்கும். றம்ஸ் அடியைக் குறையுங்கள், வொலியூமைக் கூட்டாதீர்கள். வெறும் மண்டபத்தில் செய்த சவுண்ட் செக்கையும் முழுதாக நம்பவேண்டாம். ஆட்கள் நிறைந்ததும் கூர்மை மங்கும். மேடையில் பாடுபவர் தன் குரலைக் கேட்கும் மொனிற்றர் ஸ்பீக்கரை மைக்கின் முதுகுப்பக்கம் வைத்தால் மைக்கின் கூவல் குறையும். புதுக்குழு முதலில் மண்டபத்தில் பழகுவதே புத்தி.