சிங்கப்பூரில் படிக்கும் பிள்ளைகளுக்கு 'மலேசியா விசா' விற்கிறார்கள், பணம் கட்டாதீர்கள்

மன்னார்குடி, கூத்தாநல்லூர், திருவாரூர் பக்கம் பிள்ளைகளைச் சிங்கப்பூருக்குப் படிக்க அனுப்பியிருக்கும் பெற்றோர் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

என் தங்கை அங்கே முதுகலை படிக்கிறாள். சனி, ஞாயிறு சேர்ந்தாற்போல் தோழிகளுடன் மலேசியாவின் மலாக்கா நகருக்குப் போய்வர ஆசைப்பட்டாள். அவளுக்குத் திருச்சியிலிருந்து விமான டிக்கெட் போட்டுக்கொடுத்த டிராவல்ஸில் அப்பா விசாரித்தார். "பொம்பளப் புள்ள போவுது, பேப்பர் எல்லாம் சரியா இருக்கணும்ல அண்ணே, நானே முடிச்சுத் தர்றேன்" என்று 14,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். மலேசியா விசா, வருகை அட்டை (நாட்டுக்குள் நுழையுமுன் நிரப்பும் படிவம்), சிங்கப்பூர் திரும்ப 'ரீ-என்ட்ரி பெர்மிட்', பஸ், ஓட்டல் என்று பில்.

இதில் முதல் மூன்றுக்கும் பணமே கிடையாது. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் மலேசியாவில் 30 நாள் வரை தங்கலாம். 2026 டிசம்பர் 31 வரை இந்தச் சலுகை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. சிங்கப்பூர் மாணவர் பாஸ் செல்லுபடியாக இருக்கும்வரை திரும்பி வரத் தனி அனுமதி வேண்டாம். தரைவழியாகத் திரும்பினால் சிங்கப்பூர் வருகை அட்டைகூட இந்தப் பாஸ் வைத்திருப்பவர்களுக்குத் தேவையில்லை.

மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டை மட்டும் கட்டாயம். அதுவும் இலவசம்தான். போய்ச்சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள்தான் அதைப் பதிய முடியும். டிராவல்ஸ்காரர்களோ பல வாரம் முன்பே 'முடிஞ்சிடுச்சு' என்று ஒரு பிடிஎஃப் அனுப்பினார்கள்! அப்போதே அது போலி.

வெள்ளிக்கிழமை ராத்திரி மலேசிய எல்லை நகரான ஜொகூர் பாருவில் இறங்கி வரிசையில் நின்றவளிடம், பதிவே இல்லை என்று அதிகாரி ஒதுங்கி நிற்கச் சொல்லியிருக்கிறார். கையில் சிங்கப்பூர் சிம், ரோமிங் இல்லை. பின்னால் நின்ற ஈப்போக்காரத் தமிழ் அக்கா ஒருவர் தன் ஹாட்ஸ்பாட்டைக் கொடுத்து, கூடவே நின்று பூர்த்திசெய்ய வைத்தார். அந்த அக்கா நன்றாக இருக்க வேண்டும். அதற்குள் பஸ் போய்விட்டது, பையும் அதோடு போய்விட்டது. நடுராத்திரியில் "அண்ணா, பஸ்ஸைக் காணோம்" என்று அவள் அழுதது என்னை இன்னும் தூங்க விடவில்லை. மலாக்கா ஓட்டலிலும் அவள் பெயரில் அறை போடவில்லை.

டிராவல்ஸில் போய்க் கேட்டால், "அது சர்வீஸ் சார்ஜ் தம்பி, திருப்பித் தர முடியாது" என்கிறார்கள். பில்லில் 'விசா கட்டணம்' என்று அச்சடித்துவிட்டு இப்போது சர்வீஸ் சார்ஜாம். இது பச்சை மோசடி. மூன்று தலைமுறையாகச் சிங்கப்பூரோடு புழங்கும் ஊர்களில், பிள்ளையின் பாதுகாப்பைக் காட்டிப் பெற்றவர்களைப் பயமுறுத்திப் பிடுங்குவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

தாய்லாந்துக்கும் 2025 மே 1 முதல் இதே மாதிரி டிஜிட்டல் அட்டை வந்திருக்கிறது, அதுவும் இலவசம். கூகுளில் தேடினால் பணம் கேட்கும் தளங்களும் வரும். மலேசியா என்றால் முகவரி 'ஜிஓவி டாட் எம்ஒய்' என்று இருக்கிறதா பாருங்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்கட்டும். பிள்ளைகளே ஃபோனில் பத்து நிமிடத்தில் பதிந்துகொள்வார்கள்.

ஏற்கெனவே கட்டியிருந்தால் பில், ஜிபே ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நாங்கள் அங்கே பதிந்துவிட்டோம், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். இதே மாதிரி பில் உங்களிடமும் இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.