முகவர்களுக்காக ரிப்கிரெப் ஆவணம்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

மூலநிரல் களஞ்சியங்களில் வேலை செய்யும் செயற்கை நுண்ணறிவு முகவர்களுக்குத் தேடல் கருவியாக ரிப்கிரெப்பைக் கொடுத்து, அதற்கான பயன்பாட்டு ஆவணத்தை எழுதிப் பராமரிக்கும் பணியை நீண்ட காலமாகச் செய்துவருகிறேன். ஆண்ட்ரூ கேலன்ட் ரஸ்ட் மொழியில் எழுதி 2016இல் வெளியிட்ட இந்தக் கருவி, விஷுவல் ஸ்டுடியோ கோட் என்ற நிரல் எழுதும் மென்பொருளின் தேடலுக்கும் அடித்தளமாக இருப்பதால், அதன் வேகத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முகவருக்கான ஆவணத்தில் முதலில் இடம்பெற வேண்டியது கருவி எதையெல்லாம் தேடாமல் விட்டுவிடுகிறது என்பதே. இந்த முடிவுக்கு என்னைக் கொண்டுவந்த காரணங்களையே இங்கே பகிர்கிறேன்.

ரிப்கிரெப்பின் கட்டளைத் தேர்வுகளில் பெரும்பாலானவற்றை மொழி மாதிரிகள் ஏற்கெனவே அறிந்திருக்கின்றன. அவற்றை வரிசையாக எழுதினால் டோக்கன்கள், அதாவது மாதிரி படிக்கும் உரைத்துண்டுகள், செலவாகுமே தவிர முகவரின் நடத்தையில் மாற்றம் தெரியாது. பிழை நேரும்போது கருவியே வாய்திறந்து பேசும் இடங்களுக்கும் நீண்ட விளக்கம் தேவையில்லை. எடுத்துக்காட்டாக, அதன் இயல்பான ரெகெக்ஸ் (தேடும் வடிவத்தை விவரிக்கும் குறிமுறை) இயந்திரம் முன்னோக்கு, பின்னோக்குச் சரிபார்ப்புகளை, அதாவது ஒரு சொல்லுக்கு முன்னோ பின்னோ என்ன இருக்கிறது என்று பார்க்கும் நிபந்தனைகளை, ஏற்பதில்லை. ஆனால் அப்படி எழுதினால் அவற்றை ஏற்கும் பிசிஆர்இ2 என்ற மாற்று இயந்திரத்துக்கு மாறும்படி பிழைச்செய்தியிலேயே சொல்லிவிடுகிறது, முகவரும் அடுத்த முயற்சியில் திருத்திக்கொள்கிறது. கோ மொழி நிரலில் நெளிவு அடைப்புக்குறியை அப்படியே தேடி பிழை வாங்கும்போதும் இதேதான் நடக்கிறது. ரெகெக்ஸ் தேவைப்படாத சொற்களுக்கு எழுத்துகளை அப்படியே தேடும் 'ஃபிக்ஸ்ட்-ஸ்ட்ரிங்ஸ்' தேர்வைப் பயன்படுத்துக என்ற ஒற்றை வரி போதுமானது.

கருவி மௌனமாக இருக்கும் இடங்கள்தான் ஆபத்தானவை. கிட்இக்னோர் கோப்பில் (கிட் பதிப்புக் கட்டுப்பாடு கண்டுகொள்ள வேண்டாதவற்றின் பட்டியல்) குறிக்கப்பட்டவை, பெயர் புள்ளியில் தொடங்கும் மறைகோப்புகள், உரையல்லாத பைனரிக் கோப்புகள் ஆகிய மூன்றையும் ரிப்கிரெப் பொதுவாக எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தவிர்க்கிறது. மனிதருக்கு இது வசதி. அவர் தன் களஞ்சியத்தை அறிந்தவர். முகவருக்கோ தேடல் முடிவுதான் களஞ்சியத்தைப் பற்றிய முழு அறிவு. தானாக உருவாக்கப்படும் நிரல் இருக்கும் கோப்புறை கிட்இக்னோரில் இருந்தால், அங்கே உள்ள செயற்கூற்றைத் தேடும் முகவர் வெறுமையான முடிவைப் பெற்று, அப்படியொன்று இல்லை என்று தீர்மானித்து, அதே பெயரில் புதிதாக ஒன்றை எழுதத் தொடங்குகிறது. கிட்ஹப்பின் தானியங்கிப் பணிகளுக்கான அமைப்புக் கோப்புகள் புள்ளியில் தொடங்கும் கோப்புறைக்குள் இருப்பதால், ஒரு மாறியின் பெயரைக் களஞ்சியம் முழுவதும் மாற்றும் முகவர் அந்த இடத்தை மட்டும் தொடாமல் விட்டுவிடுவதையும் கண்டிருக்கிறேன்.

எனவே ஆவணத்தின் தொடக்கத்திலேயே ஒரு விதியை வைத்தேன்: முடிவு வெறுமையாக வந்தால், இல்லை என்று சொல்லும் முன் தவிர்க்கப்பட்டவற்றையும் மறைகோப்புகளையும் தேடச் செய்யும் 'நோ-இக்னோர்', 'ஹிட்டன்' ஆகிய இரண்டு தேர்வுகளையும் சேர்த்து மறுமுறை தேடுக. எப்போதும் அவற்றைச் சேர்த்தே தேடுக என்று எழுதவில்லை, அப்படி எழுதினால் நோட் மாட்யூல்ஸ் போன்ற, பிறர் எழுதிய நிரல் நூலகங்கள் இருக்கும் சார்புக் கோப்புறைகளின் வரிகள் முகவர் ஒரே நேரத்தில் வைத்திருக்கக்கூடிய சூழல் நினைவை நிரப்பிவிடும். இதே காரணத்துக்காக, முதலில் கோப்புப் பெயர்களை மட்டும் பெறுக, சுருக்கப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளின் மிக நீண்ட வரிகளுக்கு 'மேக்ஸ்-காலம்ஸ்' என்ற வரிநீள வரம்பு இடுக என்றும் சேர்த்திருக்கிறேன். பொருந்தும் வரிகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் 'மேக்ஸ்-கவுன்ட்' ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியான வரம்பே, மொத்த முடிவுக்கானது அன்று; இதை வெளிப்படையாக எழுதாவிட்டால் முகவர்கள் தவறாகவே புரிந்துகொள்கின்றன.

வெளியேறும் குறியீடுகளுக்கு, அதாவது கருவி முடியும்போது தரும் எண்களுக்கு, ஒரு பத்தி முழுவதையும் ஒதுக்கியிருக்கிறேன், அது வீண்போகவில்லை. 0 என்றால் பொருத்தம் கிடைத்தது, 1 என்றால் கிடைக்கவில்லை, 2 என்றால் பிழை. முகவரை இயக்கும் மென்பொருள்கள் சில, 0 அல்லாத எதையும் கட்டளை தோல்வியடைந்தது என்று முகவருக்குத் தெரிவிப்பதால், அது சரியாக எழுதிய தேடலையே திரும்பத் திரும்ப மாற்றி எழுதுகிறது. மறுபுறம், ஒரு கோப்பைப் படிக்க அனுமதி இல்லாதபோது, மற்ற கோப்புகளில் பொருத்தங்கள் கிடைத்திருந்தாலும் 2 வரும். அந்த முடிவுகளைத் தூக்கி எறியத் தேவையில்லை.

மனிதர் கட்டளை தட்டச்சும் டெர்மினல் அல்லாத சூழலில் கருவி இயங்குவதால் வரும் வேறுபாடுகள் சிலவும் உண்டு. வரி எண்கள் தாமாக வராது, கேட்டுப் பெற வேண்டும். வேறொரு நிரலிலிருந்து தரவு வரும் உள்ளீட்டுக் குழாய் திறந்திருக்கும்போது தேட வேண்டிய பாதையைக் குறிப்பிடாவிட்டால், கருவி கோப்புகளை விட்டுவிட்டு அந்தக் குழாயையே படிக்கக் காத்திருந்து உறைந்துபோகக்கூடும். ஆகவே பாதையை எப்போதும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

தமிழ்க் கோப்புகள் உள்ள களஞ்சியங்களுக்கு இன்னொரு மௌனம் இருக்கிறது. ஒகர, ஓகார உயிர்மெய்களின் குறியை யூனிகோடில் ஒரே குறிப்புள்ளியாகவும் (எழுத்துக்கான ஒற்றை எண்) சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் ரிப்கிரெப் அவற்றைச் சமப்படுத்துவதில்லை. அதனால் 'கொள்முதல்' என்ற சொல் கண்ணெதிரே இருந்தும் தேடலில் அகப்படாமல் போகலாம். இத்தகைய சொற்களுக்கு இரு வடிவங்களிலும் தேடுமாறு எழுதியிருக்கிறேன்.

ஆவணத்தை மாற்றும்போதும் மாதிரி மாறும்போதும் ஒரு சோதனைக் களஞ்சியத்தில் ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். தவிர்க்கப்படும் கோப்புறையில் ஒரு சொல், மறைகோப்பில் ஒன்று, குறியாக்கத்தைக் காட்டும் தொடக்கக் குறி இல்லாததால் பைனரியாகக் கருதப்படும் யுடிஎஃப்-16 கோப்பில் ஒன்று, பிரித்துச் சேமிக்கப்பட்ட ஓகாரத்துடன் ஒன்று என வைத்து, எங்குமே இல்லாத ஒரு சொல்லையும் சேர்த்துக் கேட்கிறேன். அந்தக் கடைசிச் சொல்லுக்கு முகவர் தேவைக்கு மேல் ஓரிரு முறை தேடத்தான் செய்கிறது. அந்தக் கூடுதல் செலவைக் குறைக்க நான் முயலவில்லை. இருக்கும் ஒன்றை இல்லை என்று சொல்லி, அதன்மேல் நிரல் எழுதப்பட்டுவிட்டால் அதைச் சரிசெய்ய ஆகும் வேலை இதைவிட மிகப் பெரியது.