பொரித்த எண்ணெயில் பழைய ஹைலக்ஸ்: சில ஆண்டுகள் ஓட்டிய பிறகு

ஓடும். டீசல் வண்டி சமையல் எண்ணெயில் ஓடுமா என்று கேட்கிறவர்களுக்கு என் முதல் பதில் அவ்வளவுதான். 1900இல் பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு சின்ன டீசல் எஞ்சினை வேர்க்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். அது ஓடிய சீரில், எரிபொருள் வேறு என்பது சிலருக்குத்தான் தெரிந்தது என்று ருடால்ப் டீசலே பின்னால் எழுதியிருக்கிறார். ஆகவே ஓடுவதில் சந்தேகம் வேண்டாம். எத்தனை நாளைக்கு ஓடும், என்ன செலவாகும், உங்கள் சனிக்கிழமைகளில் எத்தனையை அது தின்னும் என்பதைத்தான் கேட்க வேண்டும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் இருப்பது மலேசியாவில், சிலாங்கூரில் உள்ள பத்தாங் பெர்ஜுந்தை. பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருக்கும், ஊரில் பெரியவர்கள் பழைய பெயரைத்தான் சொல்வார்கள். வண்டி பழைய டொயோட்டா ஹைலக்ஸ், 2.4 லிட்டர் 2எல் எஞ்சின். டர்போ கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் செம்பனைப் புண்ணாக்கு ஏற்றிக்கொண்டு ஈஜோக், கோலசிலாங்கூர், ரவாங் என்று சுற்றுகிற வண்டி. அதாவது ஒரு தடவை கிளம்பினால் எஞ்சின் நன்றாகச் சூடாகிற அளவுக்குத் தூரம் போகும். இது முக்கியம். கடைத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடுகிற வண்டி என்றால் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

எஞ்சின் பழையதாக இருப்பதும் முக்கியம். 2எல் எஞ்சினில் எரிபொருள் நேராகப் பிஸ்டன் தலையில் பீய்ச்சப்படாமல், முதலில் ஒரு சின்ன அறையில் எரிந்து பிறகு வெளியே வரும். அந்த அமைப்பு கொஞ்சம் கெட்டியான எண்ணெயையும் பொறுத்துக்கொள்ளும். இன்றைய காமன் ரெயில் எஞ்சின்கள் காற்றழுத்தத்தைப்போல ஆயிரம் மடங்கைத் தாண்டிய அழுத்தத்தில், முடியளவுத் துளை உள்ள நோசல் வழியாகப் பீய்ச்சுகின்றன. அவற்றில் பொரித்த எண்ணெய் ஊற்றினால் நோசல் மாற்றுகிற செலவில் பல வருடத்து டீசல் வாங்கியிருக்கலாம்.

நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் எங்கள் ஊர்ப்பக்கம் தென்னமரம் தோட்டத்தில்தான் போடப்பட்டது. போட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். "அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு மாமாக் சாப்பாட்டுக் கடை பின்வாசலில் பழைய எண்ணெய்க்கு நிற்கிறியே, மில்லுல கேட்டு வாங்கக்கூடாதா?" என்று பெரியப்பா கேட்பார். தோட்டத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கேட்பதற்கு உரிமை உள்ளவர். ஆனால் மில்லில் இருந்து வருகிற கச்சா செம்பனை எண்ணெய் உருகவே 35 டிகிரி பக்கம் வேண்டும். நம் ஊர் ராத்திரியில் அது பாதி கட்டியாகிவிடும். பசையும் அமிலமும் வேறு அதில் கலந்திருக்கும். விலையும் உலகச் சந்தை விலை. டன் 4,000 வெள்ளி (ரிங்கிட்) என்றால் கிலோ நான்கு வெள்ளி. 2022 மார்ச்சில் டன் 7,000 வெள்ளியைத் தாண்டியது. அப்போது டீசல் எவ்வளவோ மலிவு. கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து, கட்டியாகிற பகுதியைப் பிரித்து எடுத்தபின் மிஞ்சுகிற இளகிய பகுதிதான் கடையில் பாட்டிலில் வருகிற சமையல் எண்ணெய். அது நம் வெயிலில் எப்போதும் திரவமாகவே இருக்கும். குளிர்நாட்டுக்காரர்களுக்கு இல்லாத வசதி இது. கேமரன் மலைக்கு ஏறினால் மட்டும் காலையில் டேங்கில் வெள்ளையாகக் கலங்கி நிற்கும்.

திரவமாக இருந்தாலும் அது டீசல் ஆகிவிடாது. 40 டிகிரியில் சமையல் எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்கு கெட்டி. அப்படியே ஊற்றி ஓட்டினால் நோசலில் புகைபோல விரிய வேண்டியது தாரையாக விழும். பாதி எரியும், மீதி கரியாகி நோசல் முனையில் படியும், பிஸ்டன் ரிங்கைப் பிடித்துக்கொள்ளும், கீழே வழிந்து என்ஜின் எண்ணெயில் கலக்கும். அதனால்தான் இரண்டு டேங்க். ஒன்றில் டீசல், இன்னொன்றில் எண்ணெய். டீசலில் ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் தண்ணீர் 70, 80 டிகிரிக்கு வந்தபின் அதே சூட்டைக் கொண்டு எண்ணெயைச் சூடாக்கி, ஒரு சுவிட்சில் மாற்றுவது. நிறுத்துவதற்குச் சற்று முன் மறுபடி டீசலுக்கு வந்து குழாய்களைக் கழுவிவிடுவது. எங்கள் ஊர்ப் பட்டறையில் ஸ்டெயின்லெஸ் டேங்க், ரேடியேட்டர் சூட்டை எண்ணெய்க்கு மாற்றுகிற தட்டு வகை ஹீட் எக்ஸ்சேஞ்சர், மின்சாரத்தில் திறந்து மூடுகிற சோலனாய்டு வால்வு, தனி ஃபில்டர், ஒரு வெப்பமானி என்று மாட்டினோம். செம்புக் குழாய் வேண்டாம், நாகப் பூச்சுள்ள தகரமும் வேண்டாம். இரண்டும் எண்ணெயைச் சீக்கிரம் கெடுத்துப் பிசினாக்கும். சாதாரண ரப்பர் ஹோஸ் நாளடைவில் உப்பும், வைட்டான் ரப்பர் தாங்கும்.

பொருத்துகிற வேலை ஒரு வார இறுதியில் முடிந்துவிட்டது. நிறைய பேர் இதைத்தான் பெரிய வேலை என்று நினைக்கிறார்கள்.

ஓட்டுகிறவருக்கு ஒழுங்கு வேண்டும், அவ்வளவுதான். ஒரு தடவை மச்சான் அவசரத்துக்கு வண்டியை எடுத்துப் போனார். "நிறுத்தறதுக்கு முன்னாடி சுவிட்சைத் தட்டிடுங்க மச்சான்" என்று சொல்லித்தான் அனுப்பினேன். வீட்டு வாசலில் வந்து அப்படியே நிறுத்திவிட்டார். மறுநாள் காலையில் பேட்டரி தீருகிற மட்டும் சுற்றி, வெள்ளைப் புகை பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த துணியெல்லாம் பரவி, பிறகுதான் எஞ்சின் பிடித்தது. அதன்பின் அவர் கேட்டால் டீசல் பக்கமே பூட்டி வைத்துத்தான் சாவி கொடுக்கிறேன்.

சரி, உண்மையான வேலைக்கு வருவோம். அது எண்ணெயைச் சுத்தம் செய்வது. வண்டியைவிட அதிக நேரம் நான் தோங் என்கிற பீப்பாயோடுதான் இருந்திருக்கிறேன்.

எல்லாப் பழைய எண்ணெயும் ஒன்றில்லை. வாழைப்பழம் பொரிக்கிற கோரெங் பீசாங் கடை எண்ணெயில் மாவும் சர்க்கரையும் கரிந்து அடியில் சேறாக நிற்கும், மேலே பார்த்தால் தெளிவாக இருக்கும், நம்பி வாங்கினால் பாதிதான் தேறும். கோழி பொரிக்கிற கடையில் அளவு நிறையக் கிடைக்கும், ஆனால் கோழிக் கொழுப்பு கலந்து ராத்திரியில் உறையும். ரொட்டிச் சானாய் கல்லில் வழிந்ததைச் சேர்த்துக் கொடுத்தால் மார்ஜரின் வந்துவிடும், அதில் தண்ணீரும் உண்டு. வாரக்கணக்கில் அதே எண்ணெயில் பொரித்துக் கறுத்துப்போனதை மூக்கே சொல்லிவிடும். காரமான ஒரு நெடி, கொதிக்கும்போது அடங்காத நுரை. அமிலம் ஏறிய எண்ணெய் அது, பம்பின் உலோகத்தை அரிக்கும், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். எனக்குக் கிடைத்ததில் மிகச் சிறந்தது வீட்டில் முறுக்குச் சுடுகிற அக்காமார்களின் எண்ணெய். நல்ல எண்ணெயில் ஒன்றிரண்டு ஈடு எடுத்துவிட்டு மாற்றிவிடுவார்கள். தீபாவளிக்கு முந்தைய மாதம் எனக்கு அறுவடைக் காலம்.

வாங்கி வந்ததைக் கறுப்புச் சாயம் அடித்த தோங்கில் ஊற்றி வெயிலில் வைப்பேன். பழைய ஜீன்ஸ் துணியில் முதல் வடிகட்டல். பிறகு குறைந்தது இரண்டு வாரம் தொடாமல் விட வேண்டும். தோங்கின் குழாய் அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்க வேண்டும், அடியில் இருப்பது சேறும் தண்ணீரும். மேலே தெளிந்ததை எடுத்து 5 மைக்ரோன் பை ஃபில்டரில் விட்டு, அப்புறம்தான் டேங்க். துகள் பற்றி எல்லாரும் கவலைப்படுகிறார்கள், எனக்குத் தண்ணீர்தான் பயம். துகள் ஃபில்டரை அடைக்கும், வண்டி இழுக்காது, மாற்றிவிட்டுப் போகலாம். தண்ணீர் சத்தமில்லாமல் பம்புக்குள் போய்த் துருப்பிடிக்க வைக்கும், அது தெரிய வரும்போது பணம் போயிருக்கும். சோதிக்க ஆய்வுக்கூடம் எல்லாம் வேண்டாம். இரும்புச் சட்டியை நன்றாகச் சூடாக்கி ஒரு கரண்டி எண்ணெய் விடுங்கள். படபட என்று வெடித்தால் தண்ணீர் உண்டு, மறுபடி வெயிலுக்குப் போகட்டும். அடுப்பில் வைத்து நூறு டிகிரிக்கு மேல் கொதிக்கவைத்துத் தண்ணீரை ஓட்டலாம் என்பார்கள். பொங்கி வழிந்து தீப்பிடிக்க அது ஒன்றே போதும், நான் செய்வதில்லை.

எலி வரும், எறும்பு வரும், தரை எப்போதும் வழுக்கும். என் வீட்டம்மா இன்றுவரை அந்தக் கொட்டகைக்குள் காலடி வைத்ததில்லை. நியாயம்தான்.

பயோடீசலாக மாற்றிவிட்டால் இரண்டாவது டேங்கே வேண்டாமே என்று கேட்கலாம். மாற்றலாம். எண்ணெயின் அளவில் ஐந்தில் ஒரு பங்கு மெத்தனால், கூடக் காஸ்டிக் சோடா, கிளிசரினைப் பிரித்து, கழுவி, உலர்த்தி. மெத்தனால் தோல் வழியாகவே உடம்பில் ஏறும் விஷம், அதன் தீ பகலில் கண்ணுக்கே தெரியாது. வரிசை வீட்டுப் பின்கட்டில் செய்கிற வேலை இல்லை இது. நாடு அந்த வழியில் போனது நியாயம்தான். 2006இல் அரசாங்கம் என்வோ டீசல் என்று, சுத்திகரித்த செம்பனை எண்ணெயை அப்படியே 5 விழுக்காடு டீசலில் கலந்து பார்த்தது. எஞ்சின் தயாரிப்பாளர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, மெத்தில் எஸ்டருக்கு, அதாவது பயோடீசலுக்கு, மாற வேண்டியதாயிற்று. இன்று நிலையத்தில் பி10 என்று ஊற்றுகிறோமே, அதில் 10 விழுக்காடு அந்தச் செம்பனை மெத்தில் எஸ்டர்தான். நாம் எல்லாருமே கொஞ்சம் செம்பனையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறோம்.

இத்தனை காலத்தில் வண்டி எப்படி இருக்கிறது? சத்தம் மென்மையாகிவிட்டது, கறுப்புப் புகை குறைந்தது. ஏற்றத்தில் பாரத்தோடு போகும்போது லேசாக இழுவை குறைவது தெரியும். லிட்டருக்கு உள்ள சக்தி டீசலைவிடக் கொஞ்சம் குறைவு என்பதால் செலவும் அந்த அளவுக்குக் கூடும். பின்னால் வருகிறவருக்குப் பலகாரக் கடை வாசம் இலவசம். என்ஜின் எண்ணெயை டீசலில் ஓடும்போது மாற்றுகிற தூரத்தில் பாதியிலேயே மாற்றிவிடுகிறேன். எரியாத சமையல் எண்ணெய் அதில் சேர்ந்து, ஒரு நாள் திடீரென்று கஞ்சி மாதிரி கெட்டியாகும். அப்படி ஆனால் எஞ்சின் போச்சு. இந்த ஒரு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. ஹெட் கேஸ்கெட் மாற்றத் திறந்தபோது பட்டறை அண்ணன் ரிங்கைத் தொட்டுப் பார்த்து, ஒட்டவில்லை என்றார். நோசல்களில் கரி இருந்தது, டீசலில் மட்டும் ஓடிய வண்டியைவிடக் கூடுதல், கழற்றிச் சோதித்து மறுபடி போட்டோம். பம்பின் சீல் ஒரு முறை கசிந்தது. அந்த வயது பம்புக்கு அது எப்படியும் வந்திருக்கும் என்பது என் எண்ணம், அண்ணன் எண்ணெயைத்தான் குறை சொல்கிறார்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. 2.50 வெள்ளி மானியப் பாக்கெட் எண்ணெயை வாங்கி டேங்கில் ஊற்றுகிற யோசனை யாருக்காவது இருந்தால் விட்டுவிடுங்கள். அது வீட்டு அடுப்புக்கு வந்த கட்டுப்பாட்டுப் பொருள். 2007ஆம் ஆண்டின் உயிரி எரிபொருள் தொழில் சட்டப்படி உற்பத்திக்கும் கலப்புக்கும் விற்பனைக்கும் உரிமம் வேண்டும், ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்கு இரண்டு தோங் விற்கிற வேலையும் வேண்டாம்.

இனி காசு. டீசல் 2.15 வெள்ளியாக இருந்தபோது எனக்கு எண்ணெய் பெரும்பாலும் சும்மாவே கிடைத்தது. கடைக்காரருக்குக் கொட்ட இடம் இல்லை, எடுத்துப் போகிறவனுக்கு ஒரு தே தாரிக் டீ வேறு கொடுப்பார். 2024 ஜூன் 10இல் தீபகற்பத்தில் டீசல் 3.35 வெள்ளியானதும் நண்பர்கள் எல்லாம் "நீ தப்பிச்சே" என்றார்கள். ஆனால் அதற்குள் பழைய எண்ணெய்க்கே விலை வந்துவிட்டிருந்தது. பயோடீசலுக்கும் விமான எரிபொருளுக்கும் வெளிநாட்டில் கேட்கிறார்கள் என்று லோரி வைத்துக் கடை கடையாகச் சேகரிக்கிறார்கள், கிலோவுக்கு இரண்டு மூன்று வெள்ளி கொடுக்கிறார்கள். அந்த விலைக்கு நான் வாங்கினால், அடியில் போகிற சேற்றையும், ஃபில்டரையும், கூடுதல் என்ஜின் எண்ணெயையும் கணக்கில் சேர்த்தபின் மிச்சம் ஒன்றுமே இல்லை. எனக்குக் கடை முதலாளித் தவுக்கேமேல் கோபம் இல்லை, அவர் இடத்தில் இருந்தால் நானும் லோரிக்காரனுக்குத்தான் கொடுப்பேன். இப்போது முறுக்கு அக்காமார்கள் மட்டும்தான் எனக்கு மிச்சம். அவர்கள் தருகிற எண்ணெய் தீரும்வரை சுவிட்சைத் தட்டுகிறேன், தீர்ந்தால் டீசல்.

அடுத்த வண்டி எப்படியும் காமன் ரெயிலாகத்தான் இருக்கும், அதில் நிலையத்து பி10 மட்டும்தான் போகும். அப்போது இரண்டாவது டேங்க், வால்வு, ஹீட் எக்ஸ்சேஞ்சர் எல்லாவற்றையும் கழற்றி வைப்பேன். பழைய ஹைலக்ஸ் வைத்திருக்கிறவர் யாராவது கேட்டால் சும்மாவே கொடுக்கலாம் என்று இருக்கிறேன், அவர் வீட்டில் தோங் வைக்க இடம் இருக்கிறதா என்று ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்துவிட்டு.