2 டெராபைட் என்று நம்பி வாங்கிய பெட்டிக்குள் 64 ஜிபி அட்டையும் ஓர் இரும்பு நட்டும்

உறவினர் வீட்டுக் கணினிகளை ஞாயிற்றுக்கிழமைகளில் பழுது பார்த்துக் கொடுப்பது எனக்குப் பல ஆண்டுகளாக இருந்துவரும் பொழுதுபோக்கு. "எதை வாங்குவது, எங்கே வாங்குவது" என்று மற்றவர்கள் கேட்டு வரும் ஆள் நான். அப்படிப்பட்ட நானே ஒரு போலிச் சேமிப்புக் கருவியை வாங்கி, என் அக்கா மகளின் திருமணப் படங்களில் பெரும்பகுதியைத் தொலைத்துவிட்டேன் என்பதை வெட்கத்துடன் இங்கே எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே சரக்கு அந்த ஒரு கடையில் மட்டும் விற்கப்படுவதும் இல்லை.

திருமணம் தை மாதத்தில் நடந்தது. புகைப்படக்காரர் தன் வன்தட்டிலிருந்து 186 ஜிபி அளவுக்குப் படங்களையும் காணொளிகளையும் அக்காவின் மடிக்கணினியில் ஏற்றிவிட்டுப் போனார். அதனால் அந்தக் கணினியின் கொள்ளளவுக் கோடு சிவப்பாகிவிட்டது. கல்லூரியில் படிக்கும் மகனின் மென்பொருள்களை நிறுவ இடமில்லை. "தம்பி, இதையெல்லாம் வேற எதிலயாவது பத்திரமா போட்டுக் குடுத்துடு" என்று அக்கா கேட்டதன் பேரில், மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். அந்தத் தெருவில் இருபது ஆண்டுகளாகப் பொருள் வாங்குகிறேன். நேர்மையான கடைகளையும் அங்கே அறிவேன். அன்று எனக்குப் பழக்கமான கடை பூட்டியிருந்ததால் இரண்டு கடை தள்ளி ஏறினேன். உள்ளங்கை அளவில், உலோகம் போலப் பளபளக்கும் 2 டெராபைட் (2,000 ஜிபி) எஸ்எஸ்டி ஒன்றை, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் கருவியை, 2,400 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். உண்மையான 2 டெராபைட் வெளிப்புற எஸ்எஸ்டி பத்தாயிரம் ரூபாய்க்குக் குறைந்து கிடைக்காது என்பது எனக்குத் தெரியாததல்ல. "ஸ்டாக் கிளியரன்ஸ் சார்" என்ற மூன்று சொற்களில் அந்த அறிவு அடங்கிப்போனது.

அக்கா வீட்டில் செருகியவுடன் விண்டோஸ் அதை 1.81 டெராபைட் என்று காட்டியது. அது சரியான எண்தான்: தயாரிப்பாளர்கள் ஆயிரத்தின் மடங்குகளில் கணக்கிட, விண்டோஸ் 1,024-இன் மடங்குகளில் கணக்கிடுவதால் எந்த அசல் 2 டெராபைட் கருவியும் அப்படித்தான் தெரியும். "மீதி இடம் எங்கே போனது" என்று அத்தான் கேட்டபோது, இந்த வித்தியாசத்தைத் தாளில் எழுதிக் காட்டி விளக்கவும் செய்தேன். அந்த எண்ணே பொய்யாக இருக்கக்கூடும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஒரு சேமிப்புக் கருவி தன் கொள்ளளவு எவ்வளவு என்று கணினியிடம் தானாகச் சொல்கிறது. கணினி அதை அளந்து பார்ப்பதில்லை, சொன்னதை நம்பிக்கொள்கிறது. கருவிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லின் நிரலை மாற்றி எழுதிவிட்டால், 64 ஜிபி அட்டையும் தன்னை 2 டெராபைட் என்று கூசாமல் சொல்லிக்கொள்ளும்.

இரவு ஒன்பது மணிக்கு நகர்த்தத் தொடங்கினேன். ஆம், நகலெடுக்கவில்லை, கட் செய்து ஒட்டினேன்; அப்படிச் செய்தால் மடிக்கணினியில் இருக்கும் மூலப் பிரதி அழிந்துவிடும். இந்த விவகாரத்தில் என் பங்கு அதுதான், அதை மறைப்பதற்கில்லை. வேகம் நொடிக்கு 11, 12 எம்பியைத் தாண்டவில்லை. சாதாரண வெளிப்புற எஸ்எஸ்டி யுஎஸ்பி 3 வழியாக நொடிக்கு 400 எம்பி வேகத்தில் எழுதும். அந்த வேகத்தில் இந்த வேலை பத்து நிமிடத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். எனக்கோ பின்னிரவு ஒன்றரை மணி ஆனது. அக்கா வீட்டு யுஎஸ்பி துளை பழையது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். கூட வந்த கேபிளின் முனையைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்: உள்ளே நீல நிற பிளாஸ்டிக் வைத்து யுஎஸ்பி 3 போலக் காட்டியிருந்தார்கள், ஆனால் முன்வரிசையில் இருக்கும் நான்கு தகடுகள் மட்டுமே இருந்தன, உண்மையான யுஎஸ்பி 3 முனையில் அவற்றுக்குப் பின்னால் இன்னும் ஐந்து தகடுகள் இருக்கும்.

எல்லாம் முடிந்ததும் கடைசிக் கோப்புறையில் நான்கைந்து படங்களைத் திறந்து பார்த்தேன். பளிச்சென்று திறந்தன. அந்தச் சோதனையை நம்பித்தான் நிம்மதியாக உறங்கப் போனேன், ஆனால் அது சோதனையே அல்ல. சற்று முன் கையாண்ட கோப்புகளின் நகலை விண்டோஸ் ரேம் என்ற தற்காலிக நினைவகத்தில் வைத்திருக்கும்; உடனே திறந்தால் பெரும்பாலும் அந்த நகலையே எடுத்துக் காட்டும், கருவியில் அது இருக்கிறதா என்று போய்ப் பார்க்காது. கருவியைக் கழற்றி, மறுபடி செருகி, முடிந்தால் வேறொரு கணினியில் திறந்து பார்த்திருந்தால் அன்றிரவே உண்மை வெளிப்பட்டிருக்கும். நகர்த்தாமல் நகலெடுத்திருந்தால் இழப்பும் இருந்திருக்காது.

சித்திரை மாதத்தில் ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தபோதுதான் அக்கா தொலைபேசியில் அழைத்தார். நிச்சயதார்த்தமும் மாப்பிள்ளை அழைப்பும் முழுமையாக இருந்தன. முகூர்த்தக் கோப்புறையின் நடுவில் ஒரு படம்: மேல்பாதியில் மணவறைத் தோரணமும் மாப்பிள்ளையின் தலைப்பாகையும் தெரிகின்றன, அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். தாலி எடுப்பதற்குச் சற்று முந்தைய தருணம் அது. அதற்கு அடுத்த படத்திலிருந்து ஒன்றுகூடத் திறக்கவில்லை. பெயர்கள் இருந்தன, தேதிகள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் ஆறு எம்பி, ஏழு எம்பி என்று அளவும் இருந்தது. கோப்புகளின் பெயரும் அளவும் எழுதப்படும் அட்டவணை கருவியின் தொடக்கப் பகுதியில் இருப்பதால் அது அந்த 64 ஜிபிக்குள் பிழைத்துக்கொண்டது. உள்ளடக்கமோ இல்லாத இடத்துக்கு அனுப்பப்பட்டு, "எழுதியாயிற்று" என்ற பொய்ப் பதிலோடு கைவிடப்பட்டிருந்தது. நலங்குப் படம் ஒன்றை, கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தேன். எந்த ஜேபெக் படமும் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்ற மூன்று பைட்டுகளில் தொடங்க வேண்டும். அங்கே இருந்தது சுழியம், சுழியம், சுழியம். கோப்பின் கடைசி வரை வேறெதுவும் இல்லை.

அந்தச் சனிக்கிழமையே கடைக்குப் போனேன். கல்லாவுக்கு முன்னிருந்த இளைஞர் "வைரஸ் ஏறியிருக்கும் சார், ஒரு ஃபார்மேட் போட்டுப் பாருங்க" என்றார். உரிமையாளர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "பில்லு இருக்கா?" என்றார். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அப்போதுதான் நானும் அதை முழுமையாகப் படித்தேன்: மேலே 'எஸ்டிமேட்' என்று அச்சிட்டிருந்தது, கடையின் பெயர் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை, ஒரு கைப்பேசி எண்ணும் தொகையும் மட்டுமே. வாக்குவாதத்துக்குப் பிறகு, அதே வகையில் புதிய பெட்டி ஒன்றைப் பிரித்து "மாத்திக்குங்க" என்று தள்ளினார். நான் என் மடிக்கணினியைக் கொண்டுபோயிருந்தேன். வாலிடிரைவ் என்ற இலவச மென்பொருள் ஒரு யுஎஸ்பி கருவி முழுவதிலும் 576 இடங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கிறது. சில நிமிட வேலைதான். அவர் கண் முன்னாலேயே ஓடவிட்டேன். திரையில் இடத்துக்கு ஒன்றாகத் தெரிந்த கட்டங்களில் முதல் பதினெட்டு பச்சையாயின. அதன் பிறகு கடைசிக் கட்டம் வரை சேமிப்பிடம் ஏதும் இல்லை என்றே முடிவு வந்தது. 576-இல் 18 என்பது 2 டெராபைட்டில் ஏறத்தாழ 64 ஜிபி. "கம்பெனியிலிருந்து எங்களுக்கு வர்றதே இப்படித்தான் சார்" என்றார் உரிமையாளர். அந்தப் பெட்டியின் மேல் எந்தக் கம்பெனியின் பெயரும் இல்லை. பணத்தையும் அவர் திருப்பித் தரவில்லை.

வீட்டுக்கு வந்து, என்னிடம் இருந்த பெட்டியைக் கத்தியால் நெம்பித் திறந்தேன். கட்டைவிரல் அகலத்தில் ஒரு பச்சைப் பலகை, அதன் மேல் ஒரு மைக்ரோ எஸ்டி அட்டை, கையில் கனம் தெரிவதற்காகச் சூடான பசை ஊற்றி ஒட்டப்பட்ட ஓர் இரும்பு நட்டு. மீதி எல்லாம் காற்று. அட்டையைப் பிரித்து லினக்ஸில் எஃப்3 என்ற கொள்ளளவுச் சோதனை மென்பொருளால் சோதித்தேன். பயன்படுத்தக்கூடிய அளவு 59 ஜிபி சொச்சம் என்று வந்தது; 64 ஜிபியை 1,024-இன் மடங்குகளில் கணக்கிட்டால் அதுதான். அத்தகைய அட்டையைத் தனியாக வாங்கியிருந்தால் அப்போது ஐந்நூறு ரூபாய் ஆகியிருக்கும்.

இதற்கிடையே இன்னொரு குழியிலும் விழ இருந்தோம். அத்தான் தனக்குத் தெரிந்த ஒரு தரவு மீட்பு நிலையத்தில் விசாரித்ததற்கு, "தொண்ணூறு சதவீதம் எடுத்துத் தந்துவிடலாம், பதினெட்டாயிரம் ஆகும், பாதி முன்பணம்" என்றார்களாம். இந்த வகை இழப்பில் மீட்பதற்கு எதுவும் இல்லை என்பதைத் தயவுசெய்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அழிக்கப்பட்ட கோப்பு வேறு, எழுதப்படவே இல்லாத கோப்பு வேறு. முந்தையதைச் சில சமயம் தோண்டி எடுக்கலாம், பிந்தையதை யாராலும் முடியாது. அக்காவின் மடிக்கணினியில் பழைய தடயம் கிடைக்குமா என்று அழிந்த கோப்புகளை மீட்கும் ஃபோட்டோரெக் என்ற மென்பொருள் கொண்டு தேடினேன். பழைய சுழல் வன்தட்டாக இருந்திருந்தால், அழித்த கோப்பின் மேல் வேறொன்று எழுதப்படும் வரை அது அங்கேயே கிடக்கும். ஆனால் அதில் இருப்பது எஸ்எஸ்டி. கோப்பு அழிக்கப்பட்டதும் 'இந்த இடம் இனி தேவையில்லை' என்று டிரிம் என்ற கட்டளை மூலம் விண்டோஸ் அதற்குத் தெரிவித்துவிடும், அதுவும் அந்த இடத்தைத் துடைத்துவிடும். வந்தவை இணைய உலாவியின் விளம்பரப் படங்கள்தான்.

ஐநூறு ரூபாய் பென்டிரைவாக இருந்தாலும் சரி, இனி நீங்கள் வாங்கும் எதையும் உள்ளே ஒரு கோப்பைக்கூடப் போடுவதற்கு முன் வெறுமையாக இருக்கும்போதே சோதித்துவிடுங்கள். வாலிடிரைவ் விரைவானது. முழு நிச்சயம் வேண்டுமென்றால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற பழைய ஜெர்மானிய மென்பொருள் இருக்கிறது. அது கருவி நிரம்பும் வரை எழுதி, எல்லாவற்றையும் திரும்பப் படிக்கும். என் பெட்டியின் வேகத்துக்கு எழுதி முடிக்கவே இரண்டு நாள் ஆகியிருக்கும் என்பதால், பெரிய கொள்ளளவுக்கு அது பொறுமையான வேலை. நகலெடுக்கும்போது டெராகாப்பி போன்ற மென்பொருளில் சரிபார்ப்பு வசதியை இயக்கிக்கொள்ளலாம். அதுவும் மறுசெருகலுக்குப் பிறகு செய்யும் சரிபார்ப்புக்கு ஈடாகாது. மூலப் பிரதியை அழிப்பதைக் குறைந்தது ஒரு மாதமாவது தள்ளிப்போடுங்கள். முக்கியமானவற்றுக்கு மூன்று பிரதிகள், இரு வேறு வகைக் கருவிகளில், ஒன்று வேறு வீட்டில் என்ற விதியை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

ரசீது விஷயத்தில் கூச்சப்படாதீர்கள். விற்ற பொருளுக்கு உரிய ரசீது தராமல் இருப்பதையே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சொல்கிறது. அந்தச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் இல்லாமல் நாமே வாதாடலாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்தேன். கடையின் பெயர் கேட்டபோது பலகையில் இருந்த பெயரைச் சொன்னேன். நான் யுபிஐ வழியாகப் பணம் அனுப்பிய கணக்கோ ஒரு தனிநபரின் பெயரில் இருந்தது. அந்தப் பரிவர்த்தனைப் பதிவு, எஸ்டிமேட் தாளின் படம், கடையில் ஓட்டிய சோதனையின் திரைப்பதிவு, நட்டுடன் கூடிய பெட்டியின் படம் ஆகிய நான்கையும் இணைத்திருக்கிறேன். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அவற்றில் முதலாவதும் இருந்திருக்காது. புகார் இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.

புகைப்படக்காரர் மூன்று மாதத்துக்கு மேல் கோப்புகளை வைத்திருப்பதில்லையாம். மாதிரி காட்டுவதற்காக அவர் ஒதுக்கியிருந்த முகூர்த்தப் படங்கள் நாற்பதும், உறவினர்களின் வாட்ஸாப்பில் கிடந்த சிலவும் கிடைத்தன. நலங்குக்கு அதுவும் இல்லை. கடைசியாக, விண்டோஸ் கோப்புறைகளைத் திறக்கும்போது காட்டும் சிறுபடங்களைத் தனியே ஒரு கிடங்கில் சேர்த்து வைக்கும் என்பதும், மூலக் கோப்பு போன பிறகும் அவை அங்கே தங்கியிருக்கக்கூடும் என்பதும் நினைவுக்கு வந்தது. திருமணம் முடிந்த வாரங்களில் அக்கா அந்த நலங்குக் கோப்புறையைத் தினமும் திறந்து பார்த்திருக்கிறார். கிடங்கைத் திறந்து பிரித்தெடுத்ததில் இருநூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் வந்தன, ஒவ்வொன்றும் நீண்ட பக்கத்தில் 256 புள்ளிகள். ஆல்பத்தில் அச்சிட்டால் தபால்தலையைவிடச் சற்றே பெரிதாக வரும். ஒரு பக்கத்துக்கு முப்பது வீதம் அடுக்கி அச்சிடச் சொல்லியிருக்கிறார் அக்கா.