கிராஷ் கார்டு மாட்டப் போகிறீர்களா? என் வண்டிக்கு நடந்ததைப் படித்துவிட்டுப் போங்கள்

புதிதாகக் கியர் வண்டி எடுத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிராஷ் கார்டு, அதாவது வண்டி சாய்ந்தால் அடி தாங்க இன்ஜினுக்கு முன்னால் இரண்டு பக்கமும் நீட்டி மாட்டும் கம்பி, வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தப்பான கார்டைத் தப்பான இடத்தில் மாட்டிக்கொண்டால், கார்டே இல்லாமல் விழுவதைவிட அதிகச் சேதம் வரும். அதற்கு நான் பணமும் கட்டியிருக்கிறேன், வலியும் பட்டிருக்கிறேன்.

ஸ்கூட்டர் எனக்குப் பல வருடப் பழக்கம். 150 சிசி கியர் வண்டிக்குத்தான் புதுசு. புதுசாக ஓட்டுகிறவர்கள் வண்டியைக் கீழே போடுவது பெரும்பாலும் வேகத்தில் அல்ல. யூ டர்ன், வீட்டு வாசல் சரிவு, சிக்னலில் கால் ஊன்றும் இடம், ஹேண்டிலைத் திருப்பி வைத்தபடி முன் பிரேக் பிடிக்கிற நொடி, இப்படித்தான் சாயும். அப்போது அடி வாங்குவது லீவர், ஹேண்டில் நுனி, கண்ணாடி, ஃபுட்ரெஸ்ட், இன்ஜின் பக்கவாட்டுக் கவர். இதைத் தடுக்கத்தான் கார்டு. அதனால் சென்னை ஜி.பி. ரோடு பக்கம் ஒரு அக்சசரிஸ் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் பேச்சு நன்றாகத்தான் இருந்தது. "லேடீஸ் ஓட்டுற வண்டி மேடம், இது கட்டாயம் போடணும். பியூர் எஸ்.எஸ்., 304. எந்த ஸ்பீடுல விழுந்தாலும் காலுக்கு ஒண்ணும் ஆகாது." கார்டு 1,800 ரூபாய், அதிலேயே மாட்ட இரண்டு ஃபாக் லைட் 1,200, கூலி 200. பில் கேட்டதற்கு 'எஸ்டிமேட்' என்று தலைப்புப் போட்ட துண்டுச் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். ஜிஎஸ்டி எண் இல்லை. "பில் வேணும்னா ரேட் ஏறும் மேடம்" என்றார்.

மாட்டியது ஒரு சின்னப் பையன். கார்டின் மேல் பகுதியைச் சேஸிஸ் குழாயில் யூ கிளாம்ப் போட்டு இறுக்கினான். கீழ்ப்பகுதிக்கு, இன்ஜினைச் சேஸிஸோடு பிடித்திருக்கும் முன்பக்க மவுண்ட் போல்ட்டையே கழற்றிவிட்டு, டப்பாவில் கிடந்த நீளமான போல்ட் ஒன்றைப் போட்டான். கம்பெனி போல்ட் எங்கே என்று கேட்டேன். "அது ஷார்ட் அக்கா, இனிமே தேவைப்படாது" என்றான். திருப்பித் தரவில்லை.

அன்று வீட்டுக்கு வரும்போதே 50-ஐத் தாண்டினால் ஃபுட்ரெஸ்ட்டில் அதிர்வு தெரிந்தது. மறுபடி கடைக்கே போய்க் காட்டினேன். ஸ்பானரை வைத்து ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு, "ரன்னிங்ல செட் ஆயிடும் மேடம்" என்றார் கடைக்காரர்.

கீழ்க்கட்டளை பக்கம் மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வைத்திருக்கும் இடங்களில் ரோட்டோரம் மண் சிதறிக் கிடக்கும். அங்கே யூ டர்ன் எடுக்கும்போது முன் சக்கரம் வழுக்கி வண்டி வலப்பக்கம் சாய்ந்தது. ஆள் நடக்கிற வேகம்தான். கார்டு தாங்கியிருக்க வேண்டிய விழுகை அது. தாங்கவில்லை. வலப்பக்கக் கம்பி அப்படியே பின்னால் மடங்கி, பிரேக் பெடலைத் தள்ளிக்கொண்டு போய் இன்ஜினின் வலப்பக்கக் கிளட்ச் கவரில் குத்தியது. என் ஷூ நுனி பெடலுக்கும் கம்பிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. டீக்கடைக்காரரும் ஒரு ஷேர் ஆட்டோ அண்ணனும் ஓடி வந்து வண்டியைத் தூக்கிப் பிடித்து, ஷூவைக் கழற்றித்தான் காலை எடுக்க முடிந்தது. நிமிர்த்தி வைத்தால் பெடல் இறுகிப்போய்ப் பின் சக்கரம் உருளவில்லை. கவரின் ஓரத்தில் முடி கனத்துக்கு ஒரு விரிசல், அதிலிருந்து ஆயில் கசிந்து சைலன்சரில் பட்டுப் புகைந்தது.

ஆதம்பாக்கத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தம் ஒன்றை எடுத்துக் கார்டில் வைத்தார். பச்சென்று ஒட்டிக்கொண்டது. 304 ஸ்டெயின்லெஸ் காந்தத்தை இப்படி இழுக்காது. வளைத்த இடத்தில் லேசாக ஒட்டினால்தான் உண்டு. இது குரோம் முலாம் பூசிய சாதா இரும்பு (எம்.எஸ்.) பைப். மடங்கிய இடத்தில் முலாம் உரிந்து, பைப் வாயைப் பிளந்திருந்தது. உள்ளே பார்த்தால் பால் பவுடர் டின் தகடு கனம்தான். ஒன்று சொல்லிவிடுகிறேன். காந்தம் ஒட்டவில்லை என்பதாலேயே அது 304 ஆகிவிடாது, மலிவான 202 ரகமும் ஒட்டாது. ஆனால் இறுக்கி ஒட்டினால், 304 என்று சொன்னது பொய் என்று தெரிந்துவிடும்.

அடுத்து அந்த போல்ட்டைக் காட்டினார். வளைந்துபோயிருந்ததால் சுத்தியலால் தட்டித்தான் வெளியே எடுத்தார். நல்ல போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கும், அது அதன் வலிமையின் தரம். இதன் தலை மொட்டை, ஒரு எண்கூட இல்லை. இன்ஜினின் எடையும் அதிர்வும் தாங்குகிற இடத்தில், கேட் கொண்டிக்குப் போடுகிற ரகம். "இது இன்னும் கொஞ்சம் தளர்ந்திருந்தா, இந்த போல்ட் நுழையிற இன்ஜின் காதே உடைஞ்சிருக்கும்மா. காது போனா கிராங்க் கேஸையே மாத்தணும்" என்றார் அண்ணன். ஃபாக் லைட்டுக்காக ஹாரன் ஒயரை நடுவில் வெட்டி, சோல்டர்கூட வைக்காமல் முறுக்கி டேப் சுற்றியிருந்ததையும் காட்டினார்.

கவர், கேஸ்கெட், பெடல், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய் ஆனது. இன்ஷூரன்ஸில் கேட்கவில்லை. வெளியில் மாட்டிய அக்சசரிஸைப் பாலிசியில் அறிவித்துத் தனியாகப் பிரீமியம் கட்டியிருந்தால்தான் அதற்குப் பணம் வரும். இவ்வளவு சின்னத் தொகைக்கு கிளெய்ம் போட்டால், முதல் வருடத்துக்குக் கிடைக்க வேண்டிய 20 சதவீத நோ கிளெய்ம் போனஸும், அதாவது கிளெய்ம் போடாதவர்களுக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடியும், போய்விடும்.

மடங்கிய கம்பியையும் போல்ட்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "விழுந்தா கம்பி வளையத்தான் செய்யும் மேடம், அதுக்குத்தானே கம்பி" என்றார் கடைக்காரர். இந்தப் பதிலை நீங்களும் கேட்பீர்கள், அதனால் பிரித்துச் சொல்கிறேன். கார்டு வளையலாம், அதில் கீறல் விழலாம், குற்றமில்லை. ஆனால் வளைந்த பிறகும் அதற்கும் இன்ஜின் கவருக்கும், பெடலுக்கும் நடுவில் இடம் மிஞ்ச வேண்டும். வண்டிக் கம்பெனி தன் மாடலுக்கென்றே விற்கும் கார்டில் அந்த அளவைப் பார்த்துச் செய்திருப்பார்கள், போல்ட்டும் அதோடு வரும். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று கொக்கியில் தொங்கவிட்டிருப்பதில் அதை எதிர்பார்க்க முடியாது.

"எந்த ஸ்பீடுல விழுந்தாலும் காலுக்கு ஒண்ணும் ஆகாது" என்பதும் உண்மையில்லை. லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் சுமார் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981-இல் வெளியான ஹர்ட் அறிக்கை இந்தக் கம்பிகளையும் பார்த்தது. கணுக்கால், பாதக் காயம் குறைகிறது. ஆனால் தொடை, முழங்கால், கீழ்க்காலில் காயம் கூடி, அந்த லாபத்தைச் சரிக்கட்டிவிடுகிறது என்பதுதான் முடிவு. கார்டு வண்டியை நிற்கும் இடத்தில் சாயும்போது காப்பாற்றும். உங்களை ஹெல்மெட்டும் ஷூவும் பார்த்துக்கொள்ளட்டும். இப்போது என் வண்டியில் கம்பெனி கார்டு மட்டும்தான். ஹேண்டிலில் பிரேக், கிளட்ச் லீவரைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பை, ஓட்டும்போது அசையாத, ஆனால் விழுந்தால் உடையாமல் சுழலுகிற அளவுக்கு மட்டும் இறுக்கி வைத்துக் கொடுத்தார் அண்ணன். செலவே இல்லாத இந்த வேலையை எந்தக் கடையும் சொல்லவில்லை.

பணத்தைத் திருப்பித் தரக் கடைக்காரர் மறுத்துவிட்டார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காததே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதும் அப்படித்தான். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய்க்குள் உள்ள விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும். கையில் பில் இல்லாவிட்டாலும் ஜிபே ரசீது, துண்டுச் சீட்டு, மாட்டும்போது எடுத்த போட்டோ எதையும் அழிக்காதீர்கள்.

ஏற்கெனவே வெளிக்கடையில் மாட்டியிருக்கிறவர்கள் இன்றைக்கே வண்டியின் முன்னால் குனிந்து, இன்ஜின் மவுண்ட் போல்ட்டின் தலையைப் பாருங்கள். எண் இல்லையென்றால் சர்வீஸ் சென்டரில் சரியான போல்ட் கேட்டு வாங்கி மாற்றுங்கள். நட்டைத் தாண்டி இரண்டு மூன்று மரையாவது வெளியே தெரிய வேண்டும். பிரேக் பெடலை முழுதாக அழுத்தி, கார்டுக்கும் அதற்கும் நடுவில் உங்கள் ஷூ தாராளமாகப் போய் வருகிறதா என்று பாருங்கள். இடப்பக்கம் கியர் லீவரிலும் அதேபோல. இடிக்கிறதென்றால் அந்தக் கார்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுங்கள்.